குழந்தையின் தட்டும் பெரியவர்களின் நோன்பும்

பசித்தவருக்கு உணவளிப்பது அறம் என்பதில் இந்தியச் சமயங்கள் தம்முள் மாறுபட்டதில்லை. அளிக்கும் உணவின் தூய்மையை எவர் அளவுகோலால் அளப்பது, கொடுப்பவர் அளவுகோலாலா உண்பவர் அளவுகோலாலா என்ற இடத்திலேயே அவை பிரிகின்றன. பெங்களூரில் கடந்த கால்நூற்றாண்டில் இந்தக் கேள்வி வெங்காயம், பூண்டு, முட்டை என்னும் எளிய பொருள்களின் பெயரால் பொதுமேடைக்கு வந்தது. மடாதிபதிகளும் மருத்துவர்களும் அதிகாரிகளும் உணவுரிமை இயக்கத்தாரும் அதில் பேசினர்; உண்ண வேண்டியவர்களோ எவரும் கருத்துக் கேட்காத வயதினர். அவர்களுள்ளும் மிகச் சிறியவர்கள் அங்கன்வாடிக் குழந்தைகள். 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கீழ் இயங்கும் குழந்தைகள் மையமே அங்கன்வாடி எனப்படுகிறது. அங்கு வரும் மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்குக் காலைச் சிற்றுண்டியும் சூடாகச் சமைத்த உணவுமாக நாளொன்றுக்கு 500 கிலோகலோரி ஆற்றலும் 12 முதல் 15 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் விதித்தது. அளவைச் சட்டம் சொல்லிவிட்டது. அந்த அளவை நிரப்பும் பொருள் எது, அதை ஆக்கும் கை யாருடையது, ஆக்கிய எவ்வளவு நேரத்துக்குள் அது குழந்தையின் வாய்க்குச் சேர வேண்டும் என்பவற்றைச் சமய மரபு அதற்கு வெகுகாலம் முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறது.

உள்ளத்தின் தூய்மை ஆகாரத்தின் தூய்மையைப் பொறுத்தது என்னும் கருத்து சாந்தோக்கிய உபநிடதத்தின் ஏழாம் அத்தியாயத்தில் வருகிறது. ஆகாரம் என்பது புலன்களின் வழியே உள்ளே கொள்ளப்படும் அனைத்தையும் குறிக்கும் என்று சங்கரர் உரை கண்டார். தட்டில் இருக்கும் சோற்றைப் பற்றிய விதியாக அவர் அதைக் கொள்ளவில்லை. இராமாநுசர் உண்ணும் உணவையே கருத்தில் கொண்டார். ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்தில், பக்தி நெறிக்கு வேண்டிய ஏழு சாதனங்களுள் முதலாவதான விவேகத்தை விளக்குமிடத்தில், தமக்கு முற்பட்ட ஆசிரியர் ஒருவரின் கூற்றை எடுத்தாண்டு, உணவைப் பற்றக்கூடிய மூன்று குற்றங்களை அவர் குறிக்கிறார். பூண்டு போன்றவற்றின் இயல்பிலேயே இருப்பதாகக் கருதப்படும் குற்றம் சாதிக் குற்றம். இங்கே சாதி என்பது பொருளின் இனத்தைக் குறிக்கும். எவரிடமிருந்து உணவு வருகிறதோ அவரைப் பற்றி வரும் குற்றம் ஆசிரயக் குற்றம். மயிர், தூசு, எச்சில் முதலியவை விழுவதால் நேர்வது நிமித்தக் குற்றம். கடந்த கால்நூற்றாண்டுப் பூசல்களுள் பெரும்பாலானவை இம்மூன்றனுள் ஏதேனும் ஒன்றில் அடங்கிவிடும். ஆனால் இந்தப் பாகுபாடு, வீடுபேற்றை நாடும் ஒருவர் தம்மேல் தாமே ஏற்றுக்கொள்ளும் பயிற்சியின் பகுதியாக அந்நூலில் இடம்பெறுகிறது என்பதை மறந்துவிட்டு அதைப் பொதுச் சமையலறைக்குக் கொண்டு செல்ல முடியாது.

முதற் குற்றத்தைப் பற்றிய பூசல் அட்சய பாத்திரா அறக்கட்டளையைச் சுற்றி எழுந்தது. கண்ணன் பக்தி அமைப்பான பெங்களூர் இஸ்கானின் முயற்சியாக 2000ஆம் ஆண்டில் ஐந்து அரசுப் பள்ளிகளில் 1,500 பிள்ளைகளுக்கு உணவளிக்கத் தொடங்கிய இந்த அறக்கட்டளை, பின்னர்ப் பல மாநிலங்களில் இலட்சக்கணக்கானோருக்கு உணவு கொண்டு செல்லும் அளவுக்கு வளர்ந்தது. கண்ணனுக்குப் படைக்கத் தக்கதையே பிள்ளைகளுக்கும் அளிப்பது என்னும் நெறிப்படி அதன் சமையலறைகள் வெங்காயத்தையும் பூண்டையும் விலக்கின. அவற்றைச் சேர்க்க வேண்டும் என்று 2018இலும் 2019இலும் கர்நாடகத்தில் வலியுறுத்தப்பட்டபோது, ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அந்த உணவு ஊட்டச்சத்து வரையறைகளை நிறைவு செய்கிறது என்று கூறியது. சுவை குன்றியதால் பிள்ளைகள் குறைவாக உண்கிறார்கள் என்று உணவுரிமை இயக்கத்தார் மறுத்தனர். பாத்திரத்தில் இருக்கும் சத்தைக் கணக்கிடுவதற்கும் வயிற்றுக்குள் சேர்ந்த சத்தைக் கணக்கிடுவதற்கும் இடையே உள்ள தொலைவு பெரியவர்களிடம் சிறிது; மூன்று வயதுக் குழந்தையிடம் மிகப் பெரிது. வீட்டில் வெங்காயம் தாளித்த சாம்பாரில் வளர்ந்த குழந்தை அறியாத மணத்தைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால், எண்ணிச் சேர்த்த புரதம் தட்டிலேயே தங்கிவிடும். படைப்போரின் நோன்பு உண்மையானது, மதிக்கத் தக்கது. அந்த நோன்பின் விலையை நோன்பு ஏற்காத வேறொருவர் பசியால் கொடுக்கலாமா என்பதுதான் இங்குள்ள வினா.

குழந்தைக்கு உணவு விலக்கு உண்டா என்பதில் தர்மநூல் மரபே வியப்பூட்டும் தெளிவோடு பேசுகிறது. மிகப் பழைய தர்மசூத்திரங்களுள் ஒன்றான கௌதமரின் நூல், உபநயனத்துக்கு முன் சிறுவன் நடப்பதிலும் பேசுவதிலும் உண்பதிலும் தன் விருப்பப்படி இருக்கலாம் என்று இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே விடுதலை தருகிறது. வருண வேற்றுமைகளை வலியுறுத்தும் நூல் அது. அது கருதும் சிறுவனும் மேல் வருணத்துச் சிறுவனே என்பதை மறைக்க வேண்டியதில்லை. அத்தனை கட்டுப்பாடுகளை அடுக்கும் நூலே, விரதம் என்பது அதை அறிந்து ஏற்பவருக்கு உரியது, அறியாப் பருவத்தார்மேல் அதைச் சுமத்தலாகாது என்ற கோட்பாட்டை ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதே கவனிக்கத் தக்கது. மூன்று வயதில் எந்தக் குழந்தையும் வெங்காயத்தையும் பூண்டையும் விலக்கும் சாத்துவிக நெறியை ஏற்றதில்லை. பெற்றோர் தம் நெறிப்படி தம் குழந்தையை வளர்க்கலாம். பிறர் பெற்ற குழந்தைக்கும் அதை நெறியாக்கும் உரிமை அவர்களுக்கோ, மடத்துக்கோ, அரசுக்கோ எங்கிருந்து வரும் என்பதற்கு இந்த மரபுக்குள் விடை கிடையாது.

முட்டையைப் பற்றிய எதிர்ப்பு இதனினும் கனமானது. 2021 டிசம்பரில் கர்நாடக அரசு ஊட்டக்குறைவு மிகுந்த ஏழு மாவட்டங்களின் பள்ளிகளில் முட்டை வழங்கத் தொடங்கி, உண்ணாதவர்களுக்கு வாழைப்பழம் தந்தபோது, இலிங்காயத்த மடாதிபதிகள் சிலர் இரண்டு காரணங்களைக் கூறினர். ஒன்று கொல்லாமை, மற்றொன்று, ஒரே வரிசையில் அமர்ந்த பிள்ளைகளுக்குள் உணவால் பிரிவு வரும் என்பது. இரண்டாவது காரணம் நெடுநேரம் நிற்காது. தமிழ்நாட்டில் 1989 முதலே சத்துணவில் முட்டை இடம்பெற்று வருகிறது; உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருவது அங்கே எந்தப் பந்தியையும் உடைத்ததில்லை. பெங்களூரின் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது பேசும் குழந்தைகள் ஒரே பாயில் உட்காரும் அங்கன்வாடிகளில், அடுத்தவர் தட்டில் வேறொன்று இருப்பது குழந்தைகள் அன்றாடம் காணும் இயல்பான செய்தி.

கொல்லாமை அப்படிப்பட்டதன்று. அது தூய்மையைப் பற்றிய கவலையைக் கடந்து உயிரிரக்கத்தைப் பற்றிய அறக்கோரிக்கையாக நிற்பது. சமணரும் வள்ளுவரும் வள்ளலாரும் அதற்காக நின்றவர்கள். 1867 மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய வள்ளலார், புலால் உண்ணாதாரை அகவினத்தார் என்றும் உண்பாரைப் புறவினத்தார் என்றும் பிரித்தவர். தம் நெறியில் சேரும் தகுதியை முன்னவர்க்கே வைத்தவர். ஆயினும் பசி தவிர்த்தலை மட்டும் அந்தப் பிரிவுக்கு வெளியே நிறுத்தி, அது இரு திறத்தார்க்கும் உரியது என்றார். அவருடைய சாலையில் புலால் ஆக்கப்படவில்லை. அது நோன்பாளரின் அடுப்பு, அதன் உணவை அவரே முடிவு செய்யலாம். அரசின் அடுப்போ வரியாலும் சட்டத்தாலும் எரிவது. அதற்கு நோன்பு ஏற்கும் தகுதி இல்லை. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு, கர்நாடகத்தில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 35.4 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்றும், ஆறு முதல் 59 மாதம் வரையுள்ளவர்களில் 65.5 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது என்றும் காட்டுகிறது. இந்நிலையில் ஏறத்தாழ ஆறு கிராம் உயர்தரப் புரதம் தரும் ஒரு பொருளை உயிரிரக்கத்தின் பெயரால் விலக்கச் சொல்பவர், அதற்கு ஈடான பாலையும் பயறையும் நிலக்கடலையையும் ராகியையும் அதே நாளில் அதே குழந்தைக்குத் தேடித் தரும் கடமையையும் ஏற்கிறார். வாழைப்பழம் புரதத்தில் அந்த ஈட்டை நிரப்பாது. 2024இல் பெங்களூரைச் சேர்ந்த அசீம் பிரேம்ஜி அறக்கட்டளையின் நிதியுதவியுடன் பள்ளி முட்டை வாரம் ஆறு நாளாக உயர்ந்தது. நோன்புள்ள வீட்டுக் குழந்தையின் புரதத்தைப் பற்றிய கேள்வி அதனாலும் தீரவில்லை.

இரண்டாவதான ஆசிரயக் குற்றம் மற்ற இரண்டையும்விட மிகுந்த தீங்கு செய்தது. 2015இல், பெங்களூருக்கு அடுத்துள்ள கோலார் மாவட்டத்தின் முல்பாகல் வட்டத்தில், சமைப்பவர் தலித் பெண் என்பதால் பெற்றோர் பெரும்பாலோர் தம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்தே விலக்கிக்கொண்ட ஊர் ஒன்று இருந்தது. சமையல் பணிக்குத் தலித் மக்களையும் பழங்குடியினரையும் முதன்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலிலேயே ஆணையிட்டிருந்தது. அதே கர்நாடகத்தில் பள்ளி உணவுத் திட்டத்தின் பெயர் அட்சர தாசோகம். தாசோகம் என்பது 12ஆம் நூற்றாண்டில் பசவண்ணரும் அவர் வழிவந்த சரணர் எனப்படும் அடியார்களும் வகுத்த கோட்பாடு: உழைத்து ஈட்டியதை இறைவனுடையது என்று எண்ணி, கொடுப்பவன் என்ற தன்முனைப்பு இன்றி, அடியாருக்குத் தொண்டனாக நின்று படைப்பது. கொடுப்பவரின் பிறப்பும் பெருமையும் உணவில் ஒட்டக் கூடாது என்பது அதன் உயிர்நிலை. துமகூரு சித்தகங்கை மடத்தில் 2019 ஜனவரியில் மறைந்த சிவகுமார சுவாமிகள் பல்லாயிரம் பிள்ளைகளைச் சாதி, மத வேறுபாடின்றி ஒரே பந்தியில் அமர்த்தி உண்பித்தது இக்கோட்பாட்டின்படியே.

மூன்றாவதான நிமித்தக் குற்றத்தில் மட்டும் சமயமும் மருத்துவமும் ஒரே சொல்லைப் பேசுகின்றன. பகவத் கீதையின் பதினேழாம் அத்தியாயம் உணவைச் சாத்துவிகம், இராசதம், தாமதம் என மூவகையாகப் பிரிக்குமிடத்தில், தாமத உணவின் முதல் அடையாளமாக யாதயாமத்தை, சொல்லளவில் யாமம் கடந்ததை, சுட்டுகிறது. யாமம் என்பது மூன்று மணி நேரம். அரைவேக்காடாக உள்ள உணவு என்று சங்கரரும், நெடுநேரம் வைத்த உணவு என்று இராமாநுசரும் அதற்குப் பொருள் கண்டனர். இரண்டு பொருளும் சிறு குழந்தைக்கு ஒருசேரப் பொருந்தும். வெந்தும் வேகாத பருப்பு அதன் குடலுக்குப் பகை. ஆறி வெதுவெதுப்பாக நிற்கும் சோற்றில் பெருகும் நுண்ணுயிர் அதன் மெல்லிய உடலுக்குப் பெரும்பகை. அதன் வயிறு சிறியது. ஒரு வேளை வயிற்றோட்டமே பல நாள் உண்டதை அழித்துவிடும். பெரிய நடுவண் சமையலறைகள் நீராவியால் சமைத்துத் தூய்மையைக் காப்பதில் தேர்ந்தவை. ஆனால் விடியுமுன் ஆக்கியது பெங்களூர்ப் போக்குவரத்தைக் கடந்து நண்பகலில் தட்டுக்கு வருமானால், யாமக் கணக்கு அங்கே தவறிப்போகும். ஊட்ட உணவு வழங்கலில் ஒப்பந்ததாரர்களை ஈடுபடுத்தலாகாது என்று 2004 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அங்கன்வாடிகளுக்குச் சொன்னதும், மையத்திலேயே அடுப்பேற்றும் முறை நிலைபெற்றதும் இந்த நோக்கில் பார்க்கையில் நிர்வாக ஏற்பாட்டினும் பெரியவை. கண்ணெதிரே கொதிக்கும் பானையிலிருந்து வரும் ராகிக் கஞ்சியைக் குழந்தை கையைவிட்டு அளைந்து உண்ணும்போது, அது உண்ட அளவையும் உண்ணாத அளவையும் சமைத்தவரே பார்த்து அடுத்த நாளுக்குத் திருத்திக்கொள்ள முடியும்.

இவ்வளவையும் செய்து முடிக்க 2017இல் மத்திய அரசு வகுத்த செலவு வரையறை, ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய். சமைத்து, ஊட்டி, கழுவி வைக்கும் உதவியாளருக்கு 2018இல் உயர்த்தப்பட்ட மத்தியப் பங்கு மாதம் 2,250 ரூபாய். மாநிலம் அதனோடு தன் பங்கைச் சேர்க்கிறது. அவர் பெறுவதற்குச் சம்பளம் என்ற பெயர் கிடையாது, மதிப்பூதியம் என்றே பெயர். அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்பதே 2022 ஏப்ரல் 25ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னர்தான் உறுதிப்பட்டது. உணவைக் குற்றம் பற்றுவது அதைத் தருபவரின் நிலையால் என்னும் பழைய கருத்தைப் பிறப்பின்மேல் ஏற்றியவர்கள் அதைத் தவறான இடத்தில் ஏற்றினர். பெங்களூர் சுதந்திரப் பூங்காவில் அப்பெண்கள் மீண்டும் மீண்டும் வைக்கும் ஊதியக் கோரிக்கையில்தான், அரசு தரும் உணவின் ஆசிரயக் குற்றம் இன்று இருக்கிறது.