ஸ்ட்ரைக்கர் நிற்கும் இடம்

தை, மூன்றாவது ஞாயிறு

பள்ளிபாளையத்தில் பஸ் ஏறினேன். சங்ககிரி தாண்டும்வரை பனி விலகவில்லை. சேலத்தில் அந்தக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தபோது மணி எட்டே முக்கால். முந்தின நாள் முகூர்த்தத்துக்குக் கட்டிய வாழை வாசலில் இன்னும் பச்சையாகவே நின்றது. பந்தி போடும் கூடத்தில் பன்னிரண்டு கேரம் போர்டுகள். ஒவ்வொன்றுக்கும் மேலே மூடி போட்ட ஒரு பல்பு. மின்விசிறிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். காற்று பட்டால் பவுடர் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். அப்புறம் போர்டு ஒரே சீராக ஓடாது.

எங்கள் ஊரில் இரவு பகலாகத் தறிச் சத்தம். மின்சாரம் போய்த் தறி நின்றால்தான் குழந்தைகள் விழித்து அழும். அந்தக் காதோடு இந்தக் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தபோது கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டது. காயைக் காய் தொடும் சின்னச் சத்தம். கட்டையில் மோதித் திரும்பும் சத்தம். குழிக்குக் கீழே வலைக்குள் ஏற்கெனவே கிடக்கும் காய்மேல் இன்னொரு காய் விழும் சத்தம்.

நான் ஆட வரவில்லை, பார்க்க வந்தேன். அனுப்பி வைத்தவர் எங்கள் தெருமுனை டீக்கடை மாடியில் போர்டு வைத்திருக்கும் தறி மேஸ்திரி. "பெரிய ஆட்டக்காரங்க வர்றாங்களாம், ஒருக்கா போய்ட்டு வாங்க தம்பி. போர்டப் பாக்காதீங்க, கையப் பாருங்க" என்றார். நாற்பது வருஷமாகத் தறி ஓட்டியவர். அவர் வராததற்குக் காரணம் ஞாயிறு பகல் ஷிப்ட்.

•

சுண்டாட்டம் என்று தமிழில் ஒரு பெயர் உண்டு. அகராதிப் பக்கமாகப் போனால் பார்க்கலாம், மாடியறையில் யாரும் சொல்வதில்லை. அங்கே கேரம்தான், யாழ்ப்பாணத்து நண்பர் வாயில் கரம். ஆனாலும் அந்தச் 'சுண்டு' எனக்குப் பிடிக்கும். கோலிக்குண்டைச் சுண்டிய விரல்தான் பிற்பாடு போர்டுக்கு வந்து சேர்கிறது. தெருவில் தோண்டிய குழி பலகையின் நான்கு மூலைக்குப் போய்விட்டது, அவ்வளவே. பல்லாங்குழியையும் சேர்த்தால், குழியை வைத்து எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறோம்.

மற்ற சொற்கள் எல்லாம் கலப்படம், எல்லாமே அழகு. ரெட், ஃபாலோ, கட், டபுள், மைனஸ். ரெட்டைப் போட்டவன் அடுத்த அடியில் தன் காய் ஒன்றைப் போட்டு அதை உறுதி செய்தாக வேண்டும். அதற்குப் பெயர் ஃபாலோ. போடாவிட்டால் ரெட் மறுபடி நடுவுக்கு வந்துவிடும். எடுத்ததைத் தக்கவைக்க இன்னொன்றையும் எடுத்துக் காட்டு என்று கேட்கிற விதி. பத்து வயதில் இது எனக்கு அநியாயமாகப் பட்டது. இப்போது படவில்லை.

•

முதல் சுற்று ஆட்டங்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. வேகமாக முடிந்தன. உள்ளூர்ப் பையன்கள் பலமாக அடித்தார்கள், காய்கள் சிதறின, வெளியே போனார்கள். அவர்களில் இரண்டு பேர் நாமக்கல் லாரிப் பட்டறைக்காரர்கள். நகக்கண்ணில் பெயின்ட் இருந்தது. ஒருவன் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பற்ற வைக்கிறவன். அவன் மட்டும் மெதுவாக ஆடினான், மூன்றாவது சுற்றுவரை நின்றான்.

•

கணக்கு ஒன்று எழுதி வைக்கிறேன். ஆடும் பரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம். வெள்ளை 9, கறுப்பு 9, ரெட் 1. ஒரு காய் 5 முதல் 5.5 கிராம். ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக் கூடாது. ஆக, ஏறக்குறைய மூன்று காய் எடைக்கு ஒரு ஸ்ட்ரைக்கர்.

இந்த மூன்று மடங்கில்தான் ஆட்டத்தின் கஷ்டமெல்லாம் இருக்கிறது என்று இன்று புரிந்தது. பில்லியர்ட்ஸில் பந்துகள் எல்லாம் ஒரே எடை. அடிக்கும் பந்து நேராகப் போய் இன்னொன்றை முட்டினால் தன் வேகம் முழுவதையும் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிட முடியும். கேரமில் அது நடக்காது. கனமானது லேசானதை முட்டுகிறது. முட்டிய பிறகும் ஸ்ட்ரைக்கரிடம் வேகத்தில் பாதியளவு மிச்சம் இருக்கும். நேர்கோட்டில் குழிக்கு அனுப்பிய காயின் பின்னாலேயே அதுவும் போய் விழப் பார்க்கும். விழுந்தால் மைனஸ், போட்ட காயைத் திருப்பி வைக்க வேண்டும், கூடவே இன்னொன்றையும்.

அதனால் எல்லாரும் சுலபம் என்று நினைக்கும் நேர் காய்தான் பெரியவர்களை யோசிக்க வைக்கிறது. சிக்கலான கட் ஷாட்டை இரண்டு நொடியில் அடித்தார்கள். குழிக்கு எதிரே நேராக நிற்கும் காய்க்கு முன்னால் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒரு அடிக்கு 15 நொடிதான் அவகாசம். அதில் பத்து நொடியை அந்த நேர் காய்க்குச் செலவழித்தார்கள்.

•

மதிய இடைவேளை. எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு.

பக்கத்தில் உட்கார்ந்தவர் கப்பலில் வேலை பார்த்துத் திரும்பியவர். இங்கிலாந்தின் மதுக்கடைகளில் ஆடும் பார் பில்லியர்ட்ஸ் பற்றிச் சொன்னார். சுவரோடு ஒட்டிப் போட்ட மேசை, ஒரே முனையில் நின்று ஆட வேண்டும். குழிகள் ஓரத்தில் இல்லை, மேசையின் முகத்திலேயே ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு, கடைசி வரிசை நடுக்குழிக்கு 200. குழிகளுக்கு முன்னால் காளான் மாதிரி சின்னச் சின்ன முளைகள் நிற்கும். வெள்ளை முளையைச் சாய்த்தால் அந்த முறை எடுத்தது போச்சு. கறுப்பு முளையைச் சாய்த்தால் ஆட்டம் தொடங்கியதிலிருந்து சேர்த்தது முழுவதும் போச்சு. காசு போட்டால் உள்ளே கடிகாரம் ஓடும். நேரம் தீர்ந்ததும் உள்ளே ஒரு கம்பி இறங்கிவிடும், விழுந்த பந்து திரும்பி வராது. அதற்கு ஜெர்சி தீவில் உலகப் போட்டியே நடக்கிறதாம், அங்கே கைதேர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் புள்ளி சேர்ப்பார்களாம்.

கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு அந்தக் கறுப்பு முளைதான் மனதில் நின்றது. நூறு முறை அதைத் தாண்டிப் பந்தை அனுப்பியவனுக்கும் நூற்றியோராவது முறை அது அங்கேயே நிற்கிறது. மேசை ஆட்டம் நம் பக்கத்துக்கும் புதிதல்ல. நீலகிரியில் உதகை கிளப்பில்தான் ஸ்னூக்கர் விதிகளை எழுதி மாட்டினார்கள். அது துரைமார் ஆட்டமாகவே வெகுகாலம் இருந்துவிட்டது. அந்த மேசையைப் போட நம் தெருவில் யார் வீட்டில் இடம் இருக்கிறது? நமக்கு வாய்த்தது மடியில் வைத்துக்கூட ஆடக்கூடிய ஒரு பலகை. பவுடர் இல்லாத நாளில் கோலமாவு போட்டு ஆடிய வீடுகள் எனக்குத் தெரியும்.

•

இந்தப் பலகைக்குச் சென்னை ஒரு தலைநகரம். சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988இல் அங்கேதான் தொடங்கப்பட்டது. மரிய இருதயம் அந்த ஊர்க்காரர். 1991இலும் 1995இலும் உலகச் சாம்பியன். தேசியப் பட்டம் ஒன்பது முறை. 1996இல் அர்ஜுனா விருது. கேரமுக்காக அதைப் பெற்ற ஒரே ஆள் அவர்தான். வியாசர்பாடி இளவழகி 2008இல் பிரான்சின் கான் நகரத்தில் உலகப் பட்டத்தை எடுத்தார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் காசிமா மூன்று தங்கம் வாங்கினார், தனியாட்டம், இரட்டையர், அணி என்று. அப்போது அவருக்கு 17 வயது. அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. அன்று மாடியறையில் யாரும் ஆடவில்லை, செய்தியைப் போனில் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். மேஸ்திரி எழுந்து போய்க் கீழே எல்லாருக்கும் டீ சொன்னார்.

பெருமைப்படுவதோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஒரு கோடி வருவதற்கு முந்தின தலைமுறையில் எத்தனை விரல்கள் பட்டறைக்கும் தறிக்கும் திரும்பிப் போயின. சேலம் நாமக்கல் பக்கத்தில் மட்டுமே எத்தனை. பொங்கலுக்கு ஒரு சுழற்கோப்பை, ஒரு எவர்சில்வர் குடம், அதோடு சரி. நல்ல விரல் எந்த ஊரிலும் பிறக்கும். அது உட்கார்ந்து பழக ஒரு விளக்கும் ஒரு பலகையும் மாலையில் இரண்டு மணி நேரமும் வேண்டும். அந்த இரண்டு மணி நேரம் இங்கே யாருக்கும் சும்மா கிடைத்ததில்லை.

•

அரையிறுதி. பெயரெடுத்த ஆட்டக்காரர் ஒருவர், கண்ணாடி போட்டவர், முதல் பிரேக்கிலேயே வெள்ளை ஒன்பதையும் ரெட்டையும் ஒரே மூச்சில் எடுத்தார். ஒயிட் ஸ்லாம். எதிரில் இருந்தவருக்கு ஸ்ட்ரைக்கரைத் தொடக்கூட வாய்க்கவில்லை.

எல்லாரும் எடுத்தவரைப் பார்த்தோம். கைதட்டல் அடங்கிய பிறகுதான் நான் மற்றவரைப் பார்த்தேன். நாற்காலியில் அசையாமல், இரண்டு கையையும் தொடைமேல் வைத்து உட்கார்ந்திருந்தார். அவருடைய கறுப்புக் காய் ஒன்பதும் போர்டில் அப்படியே இருந்தன. அவர் ஒவ்வொரு காயாகப் பார்த்தார், கடைசிக் கறுப்புவரை. பிறகு அடுத்த போர்டுக்கு அவரே காய்களை அடுக்கினார். நடுவில் ரெட், சுற்றிலும் ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு. அடுக்குவதில் அவசரமில்லை. விரல் நடுங்கவில்லை. கை என்று மேஸ்திரி சொன்னது இதையும் சேர்த்துத்தானோ என்று தோன்றியது.

அந்த ஆட்டத்தில் அவர் தோற்றார். அடுத்த இரண்டிலும் ஜெயித்தார்.

•

இறுதி ஆட்டம் நான்கரைக்கு. எதிரில் உட்கார்ந்து ஸ்லாமை வாங்கிக்கொண்ட பெரியவரும் சென்னையிலிருந்து வந்த இருபது வயசுப் பையனும். 25 புள்ளி அல்லது எட்டு போர்டு, மூன்றில் இரண்டு. ஆளுக்கு ஒன்று எடுத்து, மூன்றாவதில் இருவரும் 22இல் வந்து நின்றார்கள்.

22க்கு வந்தவருக்கு அதன் பிறகு ரெட்டால் புள்ளி இல்லை. மூன்று புள்ளி கொடுத்துக்கொண்டிருந்த காய் அவர் கணக்கில் சும்மா ஒரு காய் ஆகிவிடும். ஆனாலும் ரெட் போர்டில் இருக்கும்போது தன் கடைசிக் காயைப் போட முடியாது. பயனில்லை என்று தெரிந்தும் அதை எடுத்து, ஃபாலோவும் போட்டாக வேண்டும். இருவரும் கறுப்பையும் வெள்ளையையும் விட்டுவிட்டு அந்த ரெட்டைச் சுற்றியே நெடுநேரம் ஆடினார்கள். ஒருவர் அதை ஓரத்துக்குத் தள்ளுவார், இன்னொருவர் அதன் முன்னால் தன் காயை நிறுத்தி மறிப்பார். கூடத்தில் இருநூறு பேர் இருந்திருப்போம். யாரோ ஒருவர் செருப்பை நகர்த்தியது கேட்டது.

பையன் ரெட்டை எடுத்தான். டபுளில், எதிர்க்கட்டையில் அடித்துத் திருப்பி. அப்படி ஒரு ஷாட்டை என் வாழ்நாளில் நேரில் கண்டதில்லை. ஃபாலோவுக்கு அவனுக்கு மிஞ்சியது ஒரு நேர் காய். வலது மூலைக் குழிக்கு ஒரு சாண் தள்ளி. அவன் அடித்தான். காய் விழுந்தது. ஸ்ட்ரைக்கரும் பின்னாலேயே போனது, குழி விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே இறங்கியது.

அவன் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. போர்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ரெட் மறுபடி நடுவுக்கு வந்தது. பெரியவர் முறை வந்ததும் ஒரு வெள்ளையைப் போட்டு, ரெட்டை எடுத்தார். ஃபாலோவுக்கு அவருக்கும் ஏறத்தாழ அதே மாதிரி ஒரு காய், இடது மூலையில். விரலை வைத்தார். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். விரல் அசைந்ததை நான் பார்க்கவில்லை, கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தும். ஸ்ட்ரைக்கர் புறப்பட்டுவிட்டிருந்தது. காயைத் தொட்டது. காய் தயங்குவது போல நகர்ந்து குழிக்குள் போனது. ஸ்ட்ரைக்கர் அதன் பின்னால் கொஞ்ச தூரம் ஊர்ந்து, குழிக்கு நான்கு விரற்கடை முன்னால் நின்றுவிட்டது.

மிச்சக் காய்களை அவர் எடுத்ததையெல்லாம் எழுத வேண்டியதில்லை. நான் அந்த நான்கு விரற்கடையைத்தான் இன்னமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

•

அதே இரவு

ஒன்பதரைக்கு ஊர் வந்து சேர்ந்தேன். டீக்கடை மாடியில் விளக்கு எரிந்தது. மேஸ்திரி ஷிப்ட் முடித்துக் குளித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தார், போர்டைத் துணியால் வட்டவட்டமாகத் துடைத்தபடி.

எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்லாமைச் சொன்னபோது தலையாட்டினார். பையனுடைய ஸ்ட்ரைக்கர் விழுந்ததைச் சொன்னபோது "அடடா" என்றார், சொந்தக்காரனுக்கு ஏதோ ஆன மாதிரி. கடைசிக் காயைப் பற்றி இரண்டு தடவை கேட்டார். எவ்வளவு தூரத்தில் நின்றது என்று விரலால் காட்டச் சொன்னார்.

பிறகு கொஞ்ச நேரம் தெருவில் ஓடும் தறியைக் கேட்டுக்கொண்டிருந்தோம். "நாடா மாதிரிதானுங்க தம்பி" என்றார். "இந்தப் பக்கம் தட்டுனா அந்தப் பெட்டிக்குள்ள போய் நிக்கோணும். போறதுக்கு மட்டும் தட்டுனாப் பத்தாது. நிக்கறதுக்கும் சேத்துத் தட்டோணும். இல்லாட்டித் துள்ளி வந்து நூலை அத்துப் போடும்."

ஒரு வெள்ளைக் காயை எடுத்து மூலைக்கு நேரே, ஒரு சாண் தள்ளி வைத்தார். ஸ்ட்ரைக்கரை என் பக்கம் நகர்த்தினார். "போடுங்க, பாக்கலாம்."

போட்டேன். காயும் விழுந்தது, ஸ்ட்ரைக்கரும் விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் வலைக்குள் கைவிட்டு இரண்டையும் எடுத்து, காயைப் பழைய இடத்திலேயே வைத்தார். பவுடர் டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை தூவினார். மணி பத்தாகிவிட்டது. கீழே கடையில் கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்க்கத் தொடங்கியிருந்தார்கள். அவருக்கு விடிகாலை ஷிப்ட்.

மறுபடியும் ஸ்ட்ரைக்கரை என் பக்கம் நகர்த்தினார்.