நரகமும் லுடோவிகோ ஊசியும்

சிறைக் கைதிகளுக்கு நரகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறார் ஒரு பாதிரியார். நெருப்பு, அலறல், முடிவே இல்லாத வேதனை. ஆந்தனி பர்ஜெஸ் 1962இல் எழுதிய 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' நாவலிலும் 1971இல் ஸ்டான்லி கூப்ரிக் எடுத்த படத்திலும் இந்தப் பிரசங்கம் உண்டு. பிறகு அதே பாதிரியார்தான் அரசாங்கத்தைப் பார்த்துக் கேட்கிறார்: தானாகத் தேர்ந்தெடுக்காத நன்மை நன்மையாகுமா?

கேள்வி அருமையானது. ஆனால் கேட்டவரின் தொழிலையும் கொஞ்சம் கவனியுங்கள்.

கதை இதுதான்: அலெக்ஸ் என்ற இளைஞன் அடிதடி, பலாத்காரம், கொலை எல்லாம் செய்து 14 ஆண்டு தண்டனை பெறுகிறான். சீக்கிரம் வெளியே போகலாம் என்று 'லுடோவிகோ' சிகிச்சைக்குத் தானே முன்வருகிறான். குமட்டலை உண்டாக்கும் ஊசி போட்டு, இமைகளை மூட முடியாதபடி பிடித்துவைத்து, வன்முறைப் படங்களாகக் காட்டுகிறார்கள். இரண்டே வாரம். அதன்பின் கையை ஓங்க நினைத்தாலே வயிறு புரட்டுகிறது. மேடையில் ஒருவன் அவமானப்படுத்தினாலும் அவன் காலணியை நக்கத்தான் முடிகிறது. சிகிச்சையை ஆதரிக்கும் அரசாங்க அமைச்சருக்குப் பரம திருப்தி. சிறைகளைக் காலி செய்ய வேண்டும். அரசியல் கைதிகளுக்கு இடம் தேவைப்படும் என்பது அவர் கணக்கு. படங்களின் பின்னணியில் பீத்தோவன் ஒலித்ததால், அலெக்ஸ் உயிராக நேசித்த அந்த இசையும் இப்போது குமட்டுகிறது. எது வரை போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று ஊசிக்குத் தெரியாது.

இது வெறும் கற்பனையும் அல்ல. தன்பாலின ஈர்ப்புள்ள ஆண்களை 'மாற்றுவதற்காக' 1960களில் பிரிட்டன் மருத்துவமனைகளிலேயே வாந்தி மருந்து கொடுத்துப் படம் காட்டினார்கள். செய்தவர்கள் பூசாரிகள் அல்லர், மருத்துவர்கள். அறிவியல் பேசும் நம் பக்கத்து ஆட்கள் இதைச் சௌகரியமாக மறந்துவிட வேண்டாம்.

இப்போது பாதிரியாரிடம் வருவோம். திருடினால் எண்ணெய்க் கொப்பரை என்று பயந்து திருடாமல் இருப்பவனுக்கும், திருட நினைத்தால் குமட்டுகிறதே என்று திருடாமல் இருப்பவனுக்கும் என்ன வேறுபாடு? ஒருவனுக்கு ஊசி கையில், இன்னொருவனுக்குக் காதில். நரகத்தை நம்புகிறவனுக்கும் தேர்வு இருக்கிறதே என்பார்கள். அலெக்ஸுக்கும் இருந்தது: ஓங்கிய கையைக் கீழே போடலாம், அல்லது வாந்தி எடுக்கலாம். போதாததற்கு, அலெக்ஸ் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டான். 'பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்' என்று மூன்று வயதுக் குழந்தையிடம் சொல்லும்போது யாரும் கையெழுத்து வாங்குவதில்லை.

அடிபட்டவன் கேட்பான்: 'அவன் உள்ளத்தால் நல்லவனா என்பது எனக்கு எதற்கு? என்னை அடிக்காமல் இருந்தால் போதும்.' நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க முடியாது. அதற்காகத்தான் சட்டமும் சிறையும். சட்டம் கையைப் பிடிக்கிறது, அதோடு நிற்கிறது. கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் திருடனை யாரும் யோக்கியன் என்று கொண்டாடுவதில்லை. அமைச்சரும் பாதிரியாரும்தான் பயத்தை உள்ளே செலுத்திவிட்டு, வெளியே வருவதற்கு ஒழுக்கம் என்று பெயர் சூட்டுகிறார்கள்.

நாவலின் கடைசியான 21ஆவது அத்தியாயத்தில், சிகிச்சையின் பிடி விலகிய பிறகு, அலெக்ஸுக்கு வன்முறை தானாகவே சலித்துப்போகிறது. வளர்ந்துவிட்டான், வீடு, குழந்தை என்று யோசிக்கத் தொடங்குகிறான். ஊசியும் இல்லை, நரகமும் இல்லை. இந்த அத்தியாயத்தை அமெரிக்கப் பதிப்பாளர் வெட்டிவிட்டார். 1986இல்தான் அங்கே அது சேர்க்கப்பட்டது. கூப்ரிக்கின் படத்திலும் அது கிடையாது. மனிதன் யாரும் மிரட்டாமலே திருந்துவான் என்பதை நம்புவதற்குத்தான் நமக்கு எவ்வளவு கூச்சம்!

பொய் சொல்லக் கூடாது என்று குழந்தையிடம் சொல்லுங்கள், தவறில்லை. ஏன் என்று அது கேட்டால் சாமியைக் கூப்பிடாதீர்கள். பொய்யால் ஏமாந்தவர் யார், அவருக்கு என்ன ஆனது என்று சொல்லுங்கள்.