யாருடைய தூக்கம்?

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் 2668 அடி மலையுச்சியில் கொப்பரை எரிய, ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்ளும். கீழே எங்க சேரியில் ஆம்பிளைங்க முறைவைத்து முழித்திருப்பாங்க, குடத்தில் தண்ணியோடு. ஒரு பட்டாசுப் பொறி போதும், கூரை போயிடும். (1968இல் வெண்மணியில் 44 பேரைக் கொன்றது வைத்த நெருப்பு. அது வேறு கணக்கு.)

இதே முழிப்பு லண்டனிலும் நடந்தது. 2017 ஜூன் 14இல் கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீயில் 72 பேர் பலியானார்கள். வெளிச்சுவரில் பதித்த, தீப்பற்றும் பலகைகள்தான் நெருப்பை மேலே ஏற்றின. அதன்பிறகு, ஆபத்தான பலகை பதித்த மற்றக் கட்டடங்களில் ராத்திரி முழுக்க ஆள் வைத்து ரோந்து விட்டார்கள். தற்காலிகம் என்றார்கள். பல இடங்களில் வருஷக்கணக்கில் ஓடியது. கூலியையும் குடியிருப்போர் தலையில் கட்டினார்கள். தப்பாகக் கட்டியவனுக்கு முழிக்கிற வேலை இல்லை.

காவல் நல்லதுதானே தோழர் என்பீர்கள். நல்லதுதான், உயிர் தங்கும். ஆனால் யார் தூக்கம் கெடுகிறது என்று கேட்காமல் அதை அறம் என்று எப்படிச் சொல்வது? எங்களுக்கு மனைப்பட்டா இல்லை. பட்டா இல்லாமல் எதை நம்பிக் காரை வீடு கட்டுவது? தாத்தா முழித்தார், அப்பா முழித்தார். பட்டா கேட்டு மனு எழுதுகிறவர்கள் இந்த ராத்திரிகளையும் அதில் எழுதுங்கள்.