தொட்டியில் ஒரு காந்தள்

ஸ்ரீநகரில் டல் ஏரிக்கரையில் துலிப் மலர்களைப் பார்த்துச் சொக்கிப்போன நண்பர் ஒருவர், எனக்கும் நாலு கிழங்குகள் வரவழைத்துக் கொடுத்தார். மூன்று மாதத்துக்குக் குறையாமல் குளிரில் கிடந்தால்தான் அதற்குப் பூக்கிற புத்தி வரும். காஞ்சிபுரத்தில் குளிருக்கு எங்கே போவது? குளிர்சாதனப் பெட்டியில் கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் வைத்திருந்து, பிறகு தொட்டியில் நட்டேன். ஒரு தரம் பூத்தது. மறு வருஷம் வெறும் இலை. அதற்கடுத்த வருஷம் அதுவுமில்லை. பூத்த கிழங்கு தன்னையே செலவழித்துவிடுகிறது. இலை பல வாரம் பச்சையாக நின்று உணவு சேர்த்தால்தான் அடியில் புதுக் கிழங்கு திரளும். நம் ஊர் வெயில் அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை. அதில் யார்மேலும் குற்றமில்லை.

ஆனால் காந்தள் செத்ததற்கு நான்தான் பொறுப்பு.

பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவர் பல வருஷங்களாக ஒரே தொட்டியில் செங்காந்தள் வளர்க்கிறார். கலப்பை மாதிரிக் கவைத்த கிழங்கு ஒன்றை எனக்குக் கொடுத்தார். "நுனி ஒடியாமப் பாத்துக்க தம்பி, முளை அங்கதான் இருக்கு. விஷக் கிழங்கு, பிள்ளைங்க கை படாம வை" என்றார். மழைக்கு முளைத்தது, இலை நுனியையே சுருட்டிக் கம்பியைப் பிடித்து ஏறியது. ஐப்பசியில் மஞ்சளும் சிவப்புமாகப் பூத்தது. தையில் தண்டு காய்ந்து விழுந்தது. வெறும் மண்ணைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. தினம் காலையில் ஒரு செம்பு தண்ணீர். ஆனியில் தோண்டினால், கிழங்கு கூழாகியிருந்தது.

பெரியவர் சிரித்தார். "தூங்குற பிள்ளையை எழுப்பி எழுப்பிச் சோறு ஊட்டியிருக்கே."

அவர் வீட்டுத் தொட்டி அந்த மாதங்களில் மாடிப்படிக்கு அடியில் சாய்ந்து கிடக்கும். பார்ப்பவர்கள் அலட்சியம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் முதல் மழைக்கு அது வாசலில் நிற்கும். 1979-க்குப் பிறகு 2019-இல்தான் அனந்தசரஸிலிருந்து அத்திவரதரை எழுந்தருளச் செய்தார்கள்; 48 நாள் தரிசனம், மறுபடியும் தண்ணீருக்குள். நடுவே நாற்பது வருஷம் ஊர் அவரை மறந்துவிட்டதென்று யாராவது சொல்வார்களா?

இவ்வளவும் எனக்கு இப்போது நன்றாகவே புரிகிறது. புரிந்து என்ன? பரீட்சையில் தோற்ற என் மகன் நாலு மாதமாக மாடியறையில் பேசாமல் கிடக்கிறான். 'விடுங்கள், தானாக வருவான்' என்கிறாள் என் மனைவி. கிழங்குக்கு மாதக் கணக்கு உண்டு. மனிதனுக்கு எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பது? சும்மா விட்டதாலேயே பட்டுப்போனவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். நான் கதவைத் தட்டுவது அவனுக்காகவா, என் தவிப்புக்காகவா என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டும்தான் என்று தோன்றுகிறது.

பெரியவர் வேறொரு கிழங்கு கொடுத்தார். இந்தத் தையில் தொட்டியைப் படிக்கு அடியில் சாய்த்து வைத்துவிட்டேன். மாடிக் கதவை மட்டும் ராத்திரி ஒரே ஒரு தரம் தட்டுகிறேன், பால் வேண்டுமா என்று கேட்க.