வலிக்குப் பதிவேடு கிடையாது

1961-ல் நியூயார்க்கில் உலக நாடுகள் கூடி உருவாக்கிய போதைப்பொருள் ஒற்றை உடன்படிக்கையின் முகவுரை சின்னதுதான். போதை அடிமைத்தனம் தனிமனிதனுக்கும் சமூகத்துக்கும் பெரும் தீங்கு என்று அது சொல்கிறது. எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் அதற்கு முந்தைய பத்தியில் இருப்பது வேறு விஷயம்: வலியையும் வேதனையையும் தணிக்க இந்த மருந்துகள் இல்லாமல் முடியாது, அவை போதுமான அளவு கிடைக்க வழி செய்ய வேண்டும். ஒரே ஒப்பந்தம், இரண்டு வாக்குறுதிகள். ஒன்றை மீறினால் போலீஸ், சிறை, விமான நிலையத்தில் மோப்ப நாய். இன்னொன்றை மீறினால் என்ன நடக்கும்? ஒண்ணும் நடக்காது.

குருமாவுக்கு அரைக்கிற கசகசாவும் அபினும் ஒரே செடியிலிருந்து வருபவை. காயைக் கீறினால் வடிகிற பாலைச் சுரண்டி எடுத்தால் அபின், அதிலிருந்து மார்ஃபின். மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச் பக்கமும் ராஜஸ்தானின் சித்தோர்கர் பக்கமும் அரசு உரிமத்தோடு விவசாயிகள் இதைப் பயிரிடுகிறார்கள். காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசாங்கமே அபின் ஆலை நடத்துகிறது. மருத்துவத் தேவைக்காக அபினைப் பிற நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிற நாடு இது. அதே நாட்டில், 2017-ல் வெளியான லான்செட் ஆணைய அறிக்கையின்படி, தேவைப்படுகிற வலி மருந்தில் சுமார் 4 சதவிகிதம்தான் நோயாளிகளைச் சென்றடைகிறது. மிச்ச 96-ஐ எண்ணாகப் படித்தால் ஒன்றும் தெரியாது. புற்றுநோய் எலும்புக்குள் போன பிறகு ஒருவர் இரவு இரண்டு மணிக்கு எழுப்புகிற சத்தத்தைப் பக்கத்து வீட்டிலிருந்து கேட்டவர்களுக்குத் தெரியும்.

இத்தனைக்கும் வாய்வழி மார்ஃபின் மாத்திரை விலை குறைவு. விலையல்ல சிக்கல், பயம். 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அதன் தொடக்க வடிவில் பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தபட்சம் 10 வருடச் சிறை என்று வைத்திருந்தது. மார்ஃபின் வைத்திருக்க ஒரு மருத்துவமனை வெவ்வேறு துறைகளிடம் நாலைந்து உரிமங்கள் வாங்க வேண்டும், அத்தனையும் ஒரே சமயத்தில் உயிரோடு இருக்க வேண்டும். ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதி. அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு தொண்ணூறு சதவிகிதத்துக்கும் மேல் சரிந்தது. யாரும் மார்ஃபினைத் தடை செய்யவில்லை. தடை செய்திருந்தால்கூட எதிர்த்துப் பேச ஏதாவது இருந்திருக்கும்.

அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற அதிகாரியை நான் கொடியவராக நினைக்கவில்லை. பத்து ஆம்பூல் காணாமல் போனால் அவருக்கு மெமோ வரும், விசாரணை வரும். மருந்தில்லாமல் பத்துப் பேர் துடித்துச் செத்தால் யாரும் அவரைக் கேட்கப் போவதில்லை. கசிந்த மருந்துக்குப் பதிவேடு இருக்கிறது, வலிக்கு இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் கோப்பை அடுத்த வாரத்துக்குத் தள்ளியிருப்பேனோ என்னவோ. ‘செய்து’ விளைவித்த தீங்கும் ‘செய்யாமல்’ விளைவித்த தீங்கும் ஒன்றா என்று தத்துவ வகுப்பில் விவாதிப்பார்கள். சட்டம் அந்த விவாதத்தை எப்போதோ முடித்துவிட்டது: செய்யாதவன் நிரபராதி.

அமெரிக்காவைப் பார், என்பார்கள். நியாயமான பதில். 1996-ல் பர்டியூ பார்மா ஆக்ஸிகான்டின் மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, அடிமையாகிற ஆபத்தைக் குறைத்துச் சொல்லி டாக்டர்களிடம் விற்றது. 2007-ல் அந்த நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் ஊர் ஊராகக் குடும்பங்கள் சிதைந்திருந்தன. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதே என்று சொல்வது சுலபம், இங்கே எலி நிஜம், அது ஆளைக் கொன்றிருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் நடந்தது மருந்து ‘கிடைத்ததால்’ மட்டும் நடந்ததில்லை. லாபத்துக்காக, தேவையில்லாதவர்கள் வாயிலும் அது திணிக்கப்பட்டது. அந்த ஊரின் பேராசைக்கான தண்டனையை இந்த ஊரின் நோயாளி ஏன் அனுபவிக்க வேண்டும்?

வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்குத் தொலைவில் போக வேண்டாம். 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் வலி நிவாரண சிகிச்சைக்கான அமைப்பைத் தொடங்கினார்கள். நோயாளிகள் மார்ஃபின் மாத்திரையை வீட்டுக்கே எடுத்துப் போனார்கள். இரண்டு வருடங்களில் 1,700-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கவனித்து அவர்கள் 2001-ல் லான்செட்டில் எழுதினார்கள்: மருந்து திசைமாறிப் போன சம்பவம் ஒன்றுகூட இல்லை. உகாண்டாவில் மார்ஃபின் பொடியைத் தண்ணீரில் கரைத்துப் புட்டியில் ஊற்றி இலவசமாகத் தருகிறார்கள், பயிற்சி பெற்ற நர்ஸ்களே எழுதிக் கொடுக்கலாம். டாக்டர்கள் குறைவான நாடு, வேறு வழியில்லை.

2014-ல் இந்தியச் சட்டம் திருத்தப்பட்டது. நாலைந்து உரிமங்கள் இருந்த இடத்தில் இப்போது ஒரே அனுமதி போதும். நல்ல திருத்தம், போராடிப் பெற்றது. ஆனால் ஒரு தலைமுறை டாக்டர்கள் மார்ஃபினை எழுதிப் பழகாமலே ஓய்வுபெறும் வயதை நெருங்கிவிட்டார்கள், அவர்களிடம் படித்தவர்களுக்கும் அதே கைநடுக்கம்.

வியன்னாவில் சர்வதேசப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறது. ஒவ்வொரு நாடும் தனக்கு எவ்வளவு மருந்து தேவை என்று வருடாவருடம் அங்கே மதிப்பீடு அனுப்ப வேண்டும். பல நாடுகள் போன வருடம் செலவானதைப் பார்த்து இந்த வருடத் தேவையை எழுதுகின்றன. போன வருடம் மருந்தே கிடைக்காமல் செத்தவர் அந்தக் கணக்கில் எங்கே வருகிறார் என்று படிவத்தில் தேடிப் பார்க்கலாம்.