சுவருக்கு வெளியே ஒரு தண்டனை

கண்டி நகரின் நடுவே 1876ஆம் ஆண்டு முதல் நின்ற போகம்பறைச் சிறைச்சாலை 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டது. கைதிகள் குண்டசாலைப் பிரதேசத்தில், பல்லேகலையில் கட்டப்பட்ட தும்பறைச் சிறைச்சாலைக்கு மாற்றப்பட்டனர். சிறை இடம் மாறியது. அதற்குள் போகிறவர்கள் யார் என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

நம் நாட்டில் தண்டனை பெற்றுச் சிறை செல்வோரில் பெரும் பகுதியினர் நீதிமன்றம் விதித்த தண்டப்பணத்தைக் கட்ட முடியாதவர்கள். சிறைச்சாலைத் திணைக்களத்தின் புள்ளிவிபரங்களே இதைத் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. ஒரே குற்றத்துக்காக இருவர் நீதவான் முன் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஒரே தொகை. ஒருவர் பணத்தைக் கட்டிவிட்டுப் பகல் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறார். மற்றவர் சிறைச்சாலை பஸ்ஸில் ஏறுகிறார். சட்டம் இருவரையும் சமமாகவே நடத்தியது. ஆனால் இரண்டாமவர் சிறை சென்றது குற்றத்துக்காகவா, வறுமைக்காகவா?

மாற்று வழி நம் சட்டத்தில் இல்லாமலில்லை. குற்றவாளியை நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் வெளியே விடும் கட்டளைச் சட்டம் 1944இலேயே வந்துவிட்டது. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் சமுதாயஞ்சார் சீர்திருத்தத்துக்கு வழி திறந்தது. அதன்படி, சிறு குற்றம் செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல், சம்பளமற்ற பொதுப்பணி, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சை, தொழிற்பயிற்சி போன்றவற்றில் ஈடுபடுத்த நீதிமன்றம் கட்டளையிடலாம். கட்டளையை மீறினால் அவர் மீண்டும் நீதவான் முன் நிற்க வேண்டும்.

இந்த எண்ணம் அரசாங்கத்தின் கந்தோரில் பிறந்ததல்ல. 1841இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஜோன் அகஸ்டஸ் என்ற சப்பாத்துத் தொழிலாளி, நீதிமன்றத்தில் நின்ற ஒரு குடிகாரரைப் பிணையில் எடுத்து, அவர் திருந்துவதற்குத் தாம் பொறுப்பேற்றார். முப்பத்தேழு வருடங்களுக்குப் பிறகே அந்த மாநிலம் அதைச் சட்டமாக்கியது.

நமக்கு இன்னும் பழைய முன்மாதிரி ஒன்றுண்டு. பத்ருப் போரில் பிடிபட்டவர்களில் மீட்புப் பணம் கொடுக்க இயலாத, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்தறிவித்து விடுதலை பெற்றார்கள் என்று நபி (ஸல்) அவர்களின் வரலாறு கூறுகிறது. அவர்கள் போர்க் கைதிகள், குற்றவாளிகளல்லர். எனினும் பணமில்லாதவன் தன் உழைப்பால் கடனைத் தீர்க்கலாம் என்ற நியாயம் அங்கே தெளிவாக இருக்கிறது.

இவ்வளவும் சொல்வது எளிது. 2018 மார்ச்சில் இதே குண்டசாலைப் பிரதேசத்தின் திகனையில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. ஓர் இளைஞர் உயிரிழந்தார். கொலைக்கும் தீவைப்புக்கும் பொதுப்பணி தண்டனையாகாது. சட்டமும் அவ்வாறு சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவனின் வலியை மலிவாக்கும் இரக்கம் நீதியுமல்ல. ஆனால் கூட்டத்தோடு ஓடி ஒரு கல்லை மட்டும் எறிந்த பதினெட்டு வயதுப் பையனை என்ன செய்வது? சிறையில் அவன் தன்னைவிடத் தேர்ந்தவர்களிடம் பாடம் கற்பான். நம்மைப் பற்றிய அவனது வெறுப்பு அங்கே குறைய ஒரு காரணமும் இல்லை. தான் உடைத்த கண்ணாடியை, அந்தக் கடைக்காரரின் முன்னிலையிலேயே பொருத்திக் கொடுக்கும்படி அவன் பணிக்கப்பட்டால்? அவனுக்கு அது சிறையைவிடக் கடினமாக இருக்கலாம். கடைக்காரருக்கும் கடினமே. அவருடைய சம்மதமின்றி அதைச் செய்விப்பது இரண்டாவது அநீதி.

சிறை என்பது நமக்கு ஒரு வசதி. குற்றவாளியை மதிலுக்கு அப்பால் வைத்துவிட்டு நாம் மறந்துவிடலாம். சமுதாயஞ்சார் தண்டனையோ அவனை நம்மிடமே திருப்பித் தருகிறது. வைத்தியசாலை வளவைக் கூட்டிக்கொண்டிருப்பவனைக் கண்டு நம் பிள்ளைகளை விலகிப் போகச் சொன்னால், தவணை முடிந்தபின் அவனுக்குக் கூலிவேலையும் மறுத்தால், அவனைச் சுற்றி மதில் எழுப்புவது நாம்தான். அதற்கு விடுதலைத் திகதியும் கிடையாது. நீதவான் எழுதும் கட்டளையில் ஒருவரின் பெயர்தான் இருக்கும். அது நிறைவேறுவது ஊரவர் எல்லோர் கையிலும் இருக்கிறது.