பலனைக் கருதாதே என்று யார் சொல்வது?

1998ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஓப்பன் டென்னிஸில், கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் இத்தாலியின் குளோரியா பிசிகினியை முதல் சுற்றில் வென்றார். நவீன காலத்தில் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதானச் சுற்றில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். அவர் எட்டிய உச்சத் தரவரிசை 134. ஏழு ஆண்டு கழித்து அதே மெல்போர்னில் சானியா மிர்சா மூன்றாம் சுற்றுவரை போனார், பிறகு 27ஆம் இடத்தைத் தொட்டார்; அது ஊருக்கெல்லாம் தெரியும். 134ஐ நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. இளமை முழுவதையும் ஒரு வேலைக்குக் கொடுத்து, நூற்றுச் சொச்சமாவது இடத்தில் நின்றுவிட்ட வாழ்க்கையைப் பற்றிப் பேச்சு வந்தால், நம் வாயில் தயாராக இருப்பது கீதையின் வாக்கு: கடமையைச் செய், பலனைக் கருதாதே. அந்த வாக்கு உண்மையானது என்றே நான் நம்புகிறேன். ஆனால் அதை யார், யாரைப் பார்த்துச் சொல்லலாம் என்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை நாம் மறந்துவிட்டோம்.

முதலில் அதன் உண்மையைப் பார்ப்போம். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் 128 பேர் இறங்குகிறார்கள். 127 பேர் தோற்றுத்தான் வெளியேறுகிறார்கள். கோப்பையை மட்டுமே பலன் என்று கொண்டால், உலகின் ஆகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஏறக்குறைய எல்லோருமே வீணாக வாழ்ந்தவர்கள் என்றாகும். அப்படிச் சொல்ல எந்த நேர்மையான மனதும் ஒப்பாது. ஜப்பானின் கிமிகோ டாத்தே 1995இல் உலகின் நான்காம் இடத்தைத் தொட்டவர். அடுத்த ஆண்டே ஓய்வு பெற்றார். பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு, 37 வயதில், திரும்பி வந்து கீழ்நிலைப் போட்டி ஒன்றின் தகுதிச் சுற்றிலிருந்து ஆடினார். பணமும் புகழும் பார்த்து முடித்தவர் அவர். பந்து மட்டையின் நடுவில் விழும் அந்தக் கணத்தில், முழங்கால் வலியோடு இன்னொரு பந்துக்கு ஓடுவதில், அவருக்கு ஏதோ கிடைத்திருக்க வேண்டும். தரவரிசைப் பட்டியலில் அதற்கு இடமில்லை. செயலுக்குள்ளேயே ஒரு நிறைவு உண்டு என்று கீதை சொல்வதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இனி, அதே வாக்கைக் கண்ணன் எங்கே நின்று சொன்னான் என்று பாருங்கள். தேர்த்தட்டில், கையில் கடிவாளத்தோடு, அம்பு வந்து விழும் இடத்தில் நின்று சொன்னான். ஆயுதம் எடுக்கவில்லையே தவிர, ஆபத்தில் அர்ச்சுனனுக்கு இணையாகப் பங்கு கொண்டிருந்தான். போருக்கு முன் அஸ்தினாபுரம் போன அதே கண்ணன், துரியோதனன் சபையில் பாண்டவர் சார்பில் என்ன பேசினான்? பலனைக் கருதாதவர்கள் அவர்கள், ஒன்றும் தர வேண்டாம் என்றா சொன்னான்? பாதி நாடு கேட்டான். கடைசியில் ஐந்து ஊராவது கொடு என்று கேட்டான். உழைப்பவனிடம் ஒரு பேச்சு, கொடுக்க வேண்டியவனிடம் வேறொரு பேச்சு. இதில் முரண்பாடு கிடையாது. அறம் இரண்டு பக்கமும் சரியாக நிற்கிறது. அர்ச்சுனனுக்குச் சொன்னதைத் துரியோதனன் எடுத்துக்கொண்டு, "பற்றில்லாமல் இருங்கள்" என்று பாண்டவரிடம் சொல்லியிருந்தால் அது எவ்வளவு பெரிய அநியாயமாக இருந்திருக்கும்! கீழ் வரிசை வீராங்கனைகளிடம் நாம் செய்வது அதைத்தான். பெண்களுக்கான அடிமட்டச் சர்வதேசப் போட்டியில் மொத்தப் பரிசே 15,000 டாலர். ஒற்றையர், இரட்டையர் எல்லோருக்குமாக அது பிரிய வேண்டும். விமானக் கட்டணம், அறை வாடகை, மட்டைக்கு நரம்பு மாற்றும் செலவு, பயிற்சியாளர் சம்பளம் போக முதல் சுற்றில் தோற்றவளுக்கு மிஞ்சுவது கடன். அவளிடம் போய் நிஷ்காமம் பேசக் கூடாது.

எட்டயபுரத்துக் கரிசல் மண்ணும் இந்த வேறுபாட்டை நன்றாக அறியும். மானாவாரிச் சம்சாரி புரட்டாசியில், வானத்தில் மேகம் இல்லாதபோதே, உளுந்தையும் பாசியையும் மக்காச்சோளத்தையும் மண்ணில் போடுகிறார். ஐப்பசி மழை பெய்யும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பெய்தாலும் படைப்புழு விழலாம், கதிர் முற்றும் நேரத்தில் காட்டுப்பன்றி இறங்கலாம். பலன் தன் கையில் இல்லை என்று தெரிந்தே விதைக்கிற மனம் அது. அதற்காகப் பயிர்க் காப்பீட்டு அலுவலகம் அவருக்குக் கீதை வாசிக்கலாமா?

இங்கே ஒரு மறுப்பு வரும்: பலனைக் கேட்டுவிட்டால் பற்றின்மை எங்கே இருக்கிறது, கேட்கிறவர் கர்மயோகி ஆவாரா? இதற்குப் பதில் அதே எட்டயபுரத்தில் 1882இல் பிறந்தவரிடம் இருக்கிறது. பாரதி கீதையைத் தமிழில் பெயர்த்து நீண்ட முன்னுரையும் எழுதியவர். அவரே 1919இல் எட்டயபுரம் மன்னருக்குச் சீட்டுக்கவி எழுதி ஆதரவு கேட்டார். அடுத்த ஆண்டு தம் எழுத்தை 40 தொகுதிகளாக அச்சிடத் திட்டம் போட்டு, பண உதவி வேண்டிச் சுற்றறிக்கை அனுப்பினார். தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் போலத் தம் நூல்கள் வீடுதோறும் செல்லும் என்று எதிர்பார்த்தார். அந்தத் திட்டம் அவர் காலத்தில் நிறைவேறவில்லை. அதற்காக அவர் எழுதுவதை நிறுத்தவில்லை, மட்டமாக எழுதவும் இல்லை. பற்றின்மைக்கு உரைகல் இதுதான்: கிடைக்காதபோது செயலின் தரம் குறைந்ததா என்று பார்க்க வேண்டும். வாய்விட்டுக் கேட்டாரா என்பது அதில் சேராது. கேட்பது உடம்பின் தேவை, குடும்பத்தின் தேவை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. சம்சாரி ஊருக்குச் சோறு போடுகிறார், கவி மொழிக்கு உயிர் தருகிறார். பந்தடிப்பவள் தன் விருப்பத்துக்கு ஆடுகிறாள், அவள் செலவை மற்றவர்கள் ஏன் சுமக்க வேண்டும்? ஒரு பகுதி நியாயம் இதில் உண்டு. குடிநீர்க் குழாய்க்கு முன் டென்னிஸ் மைதானம் வேண்டும் என்று யாரும் வாதிட முடியாது. ஆனால் வென்றவளின் படத்தைச் சுவரொட்டியில் போட்டுக்கொள்கிற நாடு, அவள் ஆட்டம் என் பெருமை என்று ஏற்கெனவே சொல்லிவிட்டது. அந்தப் பெருமை ஒருத்தியால் மட்டும் விளைந்ததில்லை. அவளோடு ஆடித் தோற்றுத் தோற்று அவளைக் கூராக்கிய நூறு பேர் அதில் பங்காளிகள். நிருபமா 134இல் நின்றாலும், கிராண்ட்ஸ்லாமில் ஓர் இந்தியப் பெண் ஜெயிக்க முடியும் என்பதை அடுத்து வந்தவர்கள் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. பலனில் பங்கு கொண்டாடுகிறவர்கள் செலவில் பங்கு கொள்ள மறுப்பது எந்தத் தத்துவத்திலும் அடங்காது.

கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர்போன ஊர். செயற்கைப் புல் மைதானமும் அங்கே இருக்கிறது. அங்கே ஆட வருகிற பிள்ளைகளில் மிகச் சிலரே இந்திய அணிச் சட்டை போடுவார்கள். பலனை நினைக்காமல் ஆடு என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர் கூடவே ஓடி வியர்க்கிற பயிற்சியாளர், அவர் சொல்லட்டும். நிர்வாகிகளும் புரவலர்களும் காலரியில் உட்கார்ந்து பார்க்கிற நாமும் அந்த வாக்கை விட்டுவிட்டு, அடுத்த போட்டிக்கான ரயில் டிக்கெட்டையும் சத்துணவையும் காயத்துக்கான மருத்துவச் செலவையும் ஏற்றுக்கொள்வோம்.